கார்லோஸ் விட்டுப்போன மூன்று பேர்

கலியாண வீடுகளில் என்னைப் பிடித்துவைத்து, “தம்பி என்ன வேலை செய்யிறீர்?” என்று கேட்பவர்களுக்கு இருபது வருடமாக ஒரே பதிலைத்தான் சொல்லி வந்தேன். “பந்து எறியிறன்.” “ஓம், அது பின்னேரத்திலை. பகலிலை என்ன வேலை?” என்று அடுத்த கேள்வி வரும். பகலிலும் அதுதான் அக்கா என்றால் முகம் ஒரு மாதிரியாகப் போய்விடும். ஒருமுறை பிராங்பேர்ட்டில் ஒரு அக்கா என் அம்மாவைச் சமையலறைப் பக்கம் கூட்டிக்கொண்டு போய், “பெடியனுக்கு ஒண்டும் சரிவரயில்லையெண்டால் வெக்கப்படாமல் சொல்லுங்கோ, எங்கடை கடையிலை ஆள் தேவை” என்றாராம். அம்மா வீட்டுக்கு வந்து என்னோடு இரண்டு நாள் கதைக்கவில்லை.

இப்போது எறிவதும் முடிந்துவிட்டது. என் தோள் ஓய்வு கேட்டது, கொடுத்துவிட்டேன். போன மாதம் எங்கள் பேஸ்போல் கழகத்துக்கு ஒரு சின்னப் பெட்டி வந்து இறங்கியது. பந்தைப் பிடிக்கும் கேட்சர் முழங்காலில் கட்டியிருக்கும் பலகையில் ஒரு பொத்தானை அமத்தினால், எறியும் பிட்சரின் தொப்பிக்குள் இருக்கும் ஒலிபெருக்கி அடுத்து என்ன பந்து என்று அவன் காதுக்குள் சொல்லும். அதைப் பார்த்த இளம் பிட்சர்கள், “இது இல்லாத காலத்தில் நீங்கள் எப்படி விளையாடினீர்கள்?” என்று என்னை ஏதோ கற்காலத்து ஆளைப்போலக் கேட்டார்கள். விரலால் விளையாடினோம், ஒருநாள் மட்டும் தமிழால் விளையாடினோம் என்றேன். சிரித்தார்கள். பகிடி இல்லை, உண்மை. அதைத்தான் எழுதப் போகிறேன்.

கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு பேஸ்போல் விளங்கும். பிட்சர் ஒரு சின்ன மண்மேட்டில் நின்று எறிவார். அடிப்பவர் மூன்று தரம் தவறவிட்டால் அவுட், அடித்துவிட்டு மூன்று தளங்களைச் சுற்றி ஓடித் திரும்பி வந்தால் ஒரு ஓட்டம். அடிப்பவருக்குப் பின்னால் கேட்சர் குந்தியிருந்து, தன் தொடைகளுக்கு நடுவே விரல் காட்டி என்ன பந்து வேண்டும் என்று கேட்பார். எனக்கு ஒரு விரல் வேகப்பந்து, இரண்டு விரல் வளையும் பந்து, மூன்று விரல் வேகப்பந்து போலக் கையை விட்டு, மெதுவாகப் போய்ச்சேரும் பந்து. ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர் களைத்தாலோ அடிவாங்கினாலோ அவருக்குப் பதிலாக இன்னொருவர் வருவார். அந்த இன்னொருவர் நான். மற்றவன் கலக்கிவிட்ட குழம்பைக் கடைசியில் வந்து சரிப்படுத்துகிற வேலை.

ஜேர்மனியில் இதைச் சம்பளத்துக்குச் செய்பவர்கள் மிகக் குறைவு. என் ஒப்பந்தத்தில் எறிவதோடு பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பழக்குவதும், மைதானத்துப் புல் வெட்டுவதும் சேர்ந்திருந்தன. அம்மா அந்தப் புல் விஷயத்தை வெளியில் சொல்லமாட்டார்.

அப்பாவுக்குப் பிரச்சினை வேறு. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட அணிக்குப் பந்து போட்டவர். இங்கு வந்தபின் உணவகச் சமையலறையில் வேலை, கோடை ஞாயிறுகளில் தமிழர் கழகங்களின் கிரிக்கெட் ஆட்டங்களுக்கு நடுவர். கிரிக்கெட்டில் முழங்கையை மடக்கிப் போட்டால் அதற்குப் பெயர் எறி. அதைவிடக் கேவலம் அந்த உலகத்தில் கிடையாது. அவருடைய ஒரே மகன் அதையே தொழிலாகச் செய்கிறான். “கை மடங்குது. நோ போல்” என்பதுதான் என் விளையாட்டைப் பற்றி அவர் சொன்ன முழு விமர்சனமும். மைதானப் பக்கம் ஒருநாளும் வந்ததில்லை.

எங்கள் ஊர் ஓரத்தில் அமெரிக்கப் படைமுகாம் ஒன்று இருந்தது. படை போய்விட்டது, மைதானம் மிஞ்சியது. அங்கே என்னை இழுத்துக்கொண்டு போனவன் என் வகுப்புத் தோழன் ஸ்ரெபான். அவன் கேட்சர் ஆனான், நான் பிட்சர் ஆனேன். பள்ளிக்கூடம் விட்டால் மைதானம், மைதானம் விட்டால் எங்கள் வீடு. அம்மா வடை சுடும் நாட்களில் அவன் சொந்த வீட்டுக்கே போகமாட்டான். “எத்தினை வேணும் தம்பி?” என்று அம்மா கேட்க, “மூண்டு” என்று சொல்லப் பழகினான். பிறகு “காணும்”, பிறகு “வேண்டாம் அன்ரி, வேண்டாம்.” அந்த வீட்டில் உயிர் தப்ப அவனுக்குத் தேவைப்பட்ட தமிழ் அவ்வளவுதான்.

பழகிய வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒரே பந்தைப் பத்து வருடம் எறிந்தேன். அப்பா பிடிவாதமாக நின்றதால் மின்சார வேலையில் ஆஉஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சியைச் செய்து முடித்து, சான்றிதழை அவர் கையில் கொடுத்து, “இந்தாங்கோ, இது உங்களுக்கு. இனி நான் எறியப் போறன்” என்றேன். அவர் அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார். என்னைக் கேட்கவில்லை.

எங்கள் பயிற்சியாளர் ஹொல்கர். நெடிய, மெலிந்த மனிதர். நன்று என்ற சொல் அவர் வாயில் இருந்து வந்து நான் கேட்டதில்லை. ஆட்டம் நடக்கும்போது மாற்றுப் பிட்சர்கள் நாங்கள் மைதானத்து வேலியோரம் தனியாக ஒரு வாங்கில் உட்கார்ந்திருப்போம். ஹொல்கர் தூரத்தில் நின்று தன் வலது கையைத் தொட்டால் நான் எழும்ப வேண்டும். தொப்பியைக் கழற்றினால் இருக்க வேண்டும். எழும்பினால் முதலில் ரப்பர் பட்டியை வேலியில் கட்டிக் கையை இழுத்துத் தளர்த்துவேன். பிறகு நின்றபடி மெல்ல எறிவேன். எதிரில் நின்று பிடிப்பவர் குந்தினால்தான் உண்மையான எறி தொடங்கும். கை சூடாகி, உடம்பில் வியர்வை வந்து, இதோ போகப்போகிறேன் என்று நிற்கும்போது ஹொல்கர் தொப்பியைக் கழற்றுவார். திரும்ப வந்து இருக்க வேண்டும். அதே ஆட்டத்தில் இன்னும் இரண்டு தரம் அப்படி எழுப்பி இருத்துவார். என் வாழ்க்கையில் ஆட்டத்தில் எறிந்ததைவிட அந்த வேலியோரத்தில் எறிந்ததுதான் அதிகம். கோபம் வராதா? வரும். வந்தாலும் கை சூடாக இருக்க வேண்டும்.

கூப்பிட்டால் ஒரு முறை உண்டு. ஹொல்கர் மேட்டுக்கு நடந்து போவார், வழியில் மைதானத்து வெள்ளைக் கோட்டை மட்டும் மிதிக்கமாட்டார், மிதித்தால் ராசியில்லையாம். பழைய பிட்சர் நான் வந்து சேரும்வரை மேட்டைவிட்டு இறங்கக்கூடாது. அவர் கையில் இருந்து பந்தை ஹொல்கர் வாங்கி என் கையில் வைத்து, எத்தனை பேர் நிற்கிறார்கள், எத்தனை அவுட் என்று மட்டும் சொல்லுவார். கவனம், தைரியம், உன்னால் முடியும் என்ற கதையெல்லாம் கிடையாது.

இங்கே ஒரு விஷயம் விளங்க வேண்டும். பழைய பிட்சர் போகும்போது தளங்களில் எதிரணி ஆட்கள் நின்றால், அவர்கள் பிறகு ஓடிவந்து எடுக்கும் ஓட்டங்கள் போனவரின் பெயரில்தான் விழும். நான் எறிந்து விட்டுக்கொடுத்தாலும் கணக்கு அவருக்கு. அதனால் ஹொல்கர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். போன பிட்சர் குளிக்கப் போகக்கூடாது. எறிந்த கைக்கு மேலங்கியைப் போர்த்துக்கொண்டு வாங்கின் நுனியில் இருந்து, தான் விட்டுப்போன ஆட்களுக்கு என்ன நடக்கிறது என்று முடியும்வரை பார்க்க வேண்டும். பார்க்கப்படுகிறோம் என்று எனக்கும் தெரிய வேண்டும். சில நாட்களில் அந்தப் பார்வை முதுகில் சுடும்.

கார்லோஸ் வெனிசுவேலாவில் இருந்து வந்தவன். எங்கள் முதன்மைப் பிட்சர். எப்போதும் வாய் ஓயாமல் கதைப்பான். அந்த வருடம் எங்கள் கழகம் அடிமட்டத்தில் கிடந்தது. முதல் லீக்கில் இருந்து விழுந்தால் அவனுக்குக் கொடுக்கும் சம்பளத்தைக் கழகத்தால் கொடுக்க ஏலாது. சம்பளம் இல்லையென்றால் விசா புதுப்பிக்கமாட்டோம் என்று வெளிநாட்டவர் அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். அவன் மனைவி மரியா அப்போது நிறைமாதம். எப்போதும் கதைக்கிறவன் கதைப்பதை நிறுத்திவிட்டான்.

ஒருநாள் சாப்பாட்டு மேசையில் நான் இதைச் சொன்னேன். அப்பா கையைக் கழுவிவிட்டு வந்து, “எப்ப ரெர்மின்?” என்று அலுவலகச் சந்திப்பு நாளைக் கேட்டார். வந்த புதிதில் எங்கள் அனுமதியைச் சில மாதங்களுக்கு ஒருமுறை முத்திரை குத்தித்தான் நீடிப்பார்கள். அடுத்த முத்திரை விழுமா விழாதா என்று தெரியாமல் அம்மா சூட்கேசைக் கட்டிலுக்குக் கீழே திறந்தபடியே வைத்திருந்தார். அப்பா அதையெல்லாம் கதைப்பதில்லை. ஆனால் கார்லோஸோடு அலுவலகத்துக்குப் போனார். வரிசையில் எங்கே நிற்பது, எந்த அறைக்கதவைத் தட்டக்கூடாது என்பதெல்லாம் அவருக்குப் பாடம். இருவருக்கும் பொதுவாக இருந்தது டொச் என்கிற ஜேர்மன் மொழி, அதுவும் உடைந்தது. கார்லோஸ் அவரை “செனோர்” என்று கூப்பிடத் தொடங்கினான். அம்மா மரியாவுக்குச் சோறு கொடுத்துவிட்டார்.

கடைசி ஆட்டம் எதிரணியின் ஊரில். தோற்கிற கழகம் கீழே போகும். அன்று காலை அப்பா கார்த் திறப்பை எடுத்தார்.

“எங்கை போறியள்?” என்றேன்.

“மச் பாக்க. அம்மாவையும் மரியாவையும் ஏத்திக்கொண்டு வாறன். அந்தப் பெடியன்ரை விசா உன்ரை கையிலையெண்டால் வந்து பாக்கத்தானே வேணும்?”

“கை மடங்கும், சொல்லிப்போட்டன்.”

“மடங்கட்டும். நான் கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறன்.”

கார்லோஸ் அன்று அற்புதமாக எறிந்தான். கடைசி இன்னிங்ஸுக்கு வந்தபோது நாங்கள் மூன்று, அவர்கள் ஒன்று. இன்னும் மூன்று அவுட் எடுத்தால் போதும். ஆனால் அவன் கை முடிந்துவிட்டது. ஒருவன் அடித்து முதல் தளத்துக்குப் போனான். அடுத்த இருவருக்கும் பந்து சரியாக விழாமல் இலவசமாகவே தளம் கொடுத்தான். மூன்று தளமும் நிறைந்துவிட்டது. ஹொல்கர் வலது கையைத் தொடும்போதே என் கை சூடாகியிருந்தது.

மேட்டில் கார்லோஸ் பந்தை ஹொல்கரிடம் கொடுத்தான். கொடுத்த பிறகும் விரல்களை எடுக்கவில்லை. ஹொல்கர் மெல்ல அந்த விரல்களைப் பிரித்துப் பந்தை எடுத்து என் கையில் வைத்தார். “மூன்று பேர் நிற்கிறார்கள். அவுட் இல்லை” என்றார். கார்லோஸ் என்னைப் பார்க்காமல், “மன்னித்துக்கொள்” என்று டொச்சில் சொல்லிவிட்டு இறங்கிப்போய், மேலங்கியைக் கையில் போர்த்து, வாங்கின் நுனியில் இருந்தான்.

என் முதல் பந்திலேயே கூத்து நடந்தது. இரண்டாம் தளத்தில் எதிரணி ஆள் நின்றால் அவனுக்குக் கேட்சரின் விரல்கள் தெரியும். அடிப்பவனுக்குச் சைகையில் சொல்லிவிடுவான். அதனால் கேட்சர் அடுத்தடுத்துப் பல தரம் விரல் காட்டுவார், அதில் எத்தனையாவது உண்மை என்று பிட்சருக்கு மட்டும் தெரியும். ஸ்ரெபானுக்கும் எனக்கும் எப்போதும் இரண்டாவது. ஆனால் அன்று கார்லோஸுக்காக முதலாவதை உண்மையாக வைத்திருந்தார்களாம். அதை எனக்கு யார் சொல்வது? ஸ்ரெபான் வளையும் பந்து என்று நினைத்து வெளிப்பக்கம் கையை நீட்ட, நான் உள்பக்கம் வேகமாக விட்டேன். பந்து கையுறை இல்லாத அவன் வலது கையில் பட்டுத் தெறித்து வேலிவரை உருண்டது. மூன்றாம் தளத்தில் நின்றவன் ஓடி உள்ளே வந்துவிட்டான். மற்ற இருவரும் ஒவ்வொரு தளம் முன்னேறினார்கள். மூன்றுக்கு இரண்டு. பிழை யாருடையது என்று நானும் ஸ்ரெபானும் இன்றைக்கும் சண்டை பிடிக்கிறோம்.

அவனுடைய இரண்டு விரல்கள் கண்ணெதிரே வீங்கின. ஹொல்கர் ஓடிவந்து, அவனை மாற்றப் போவதாகச் சொன்னார். மாற்று ஆள் அனுபவம் இல்லாதவன். ஸ்ரெபான் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, “கையுறை இடது கையில்தானே” என்றான்.

“விரல் காட்ட முடியுமா?” என்றார் ஹொல்கர்.

“முடியாது.” என் பக்கம் திரும்பினான். அவன் கண்ணில் நோவு தெரிந்தது, அதோடு ஒரு குறும்பும் தெரிந்தது. “எத்தினை வேணும் தம்பி?” என்றான், அம்மாவின் அதே இழுவையில்.

எனக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது. விளங்கியதும், கடவுளே, அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது. ஹொல்கர் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். கோட்டை மிதிக்காமல் திரும்பிப் போனார்.

ஸ்ரெபான் குந்தியிருந்து முழு மைதானத்துக்கும் கேட்கக் கத்தினான். “ஒண்டு!”

வேகமாக விட்டேன். அடிப்பவன் தவறவிட்டான். எதிரணி ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

“ரெண்டு!” வளைந்து தரையைத் தொடப்போன பந்தை ஸ்ரெபான் நெஞ்சால் மறித்தான். அதையும் அடிப்பவன் தவறவிட்டான். “ஒண்டு!” முதல் ஆள் அவுட். அடுத்தவன் “மூண்டு” பந்தை அவசரப்பட்டு அடிக்க, அது நேரே மேலே போய் எங்கள் ஆளின் கையில் விழுந்தது. இரண்டு அவுட்.

அப்போதுதான் பார்வையாளர் பக்கம் பார்த்தேன். அப்பா எழுந்து நின்றார். கண்ணை மூடவில்லை. அந்தக் கூட்டம் முழுவதிலும் அடுத்து என்ன பந்து வரப்போகிறது என்று தெரிந்தவர்கள் அவரும் அம்மாவும்தான். ஸ்ரெபான் ஒவ்வொரு தரம் கத்தும்போதும் அப்பா மரியாவுக்குக் குனிந்து விரலால் காட்டிக்கொண்டிருந்தார்.

மூன்றாமவன் அவர்களுடைய பெரிய அடிக்காரன். “ஒண்டு” என்று இரண்டு பந்து. இரண்டையும் கோட்டுக்கு வெளியே பலமாக அடித்தான், அதுவும் தவறிய கணக்குத்தான். இன்னும் ஒன்று தவறினால் அவுட். ஆனால் அவர்கள் எங்கள் இரகசியத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். எதிரணி வாங்கில் இருந்து ஒருவன், “அவன் ஒண்டு என்றால் வேகம்!” என்று கத்தினான். அவ்வளவுதான், எங்கள் தமிழின் ஆயுசு முடிந்தது என்று நினைத்தேன். வாங்கின் நுனியில் கார்லோஸ் மேலங்கியால் வாயைப் பொத்தியிருந்தான். மூன்றாம் தளத்திலும் இரண்டாம் தளத்திலும் நிற்பவர்கள் அவனுடைய ஆட்கள். இருவரும் வந்தால் ஆட்டமும் போய்விடும், அவனும் போய்விடுவான்.

ஸ்ரெபான் என்னைப் பார்த்தான். வீங்கிய கையை வயிற்றில் வைத்து அமத்திக்கொண்டு கத்தினான்.

“ஒண்டு… வேண்டாம்!”

அடிப்பவனுக்குக் கேட்டது “ஒண்டு” மட்டும்தான். வேகத்துக்குத் தயாராகக் காலை ஊன்றினான். நான் இன்னும் எறியவே இல்லை, பார்வையாளர் பக்கத்தில் ஒரு ஆள் வெடித்துச் சிரிப்பது கேட்டது. அப்பா.

வேகம் வேண்டாம், சரி. இரண்டா மூன்றா? வளையும் பந்து தரையைத் தொட்டால் ஸ்ரெபானின் வீங்கிய கையால் மறிக்க ஏலாது, உருண்டால் ஓட்டம். மூன்று என்று நானே முடிவெடுத்தேன். முழுப் பலத்தோடு கையை விட்டேன். பந்து ஆறுதலாகப் போனது. அந்தப் பெரிய அடிக்காரன் அது வந்து சேருமுன்னே மட்டையைச் சுற்றி முடித்து, தன் வேகத்திலேயே முழங்காலில் விழுந்தான். ஸ்ரெபான் பந்தைக் கையுறைக்குள் வைத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

கார்லோஸ் மேலங்கியை எறிந்துவிட்டு ஓடிவந்தான். என்னைத் தூக்கியவன் இறக்கிவிடவே இல்லை, அழுதுகொண்டிருந்தான். நானும்தான். ஹொல்கர் வந்து ஸ்ரெபானின் விரல்களைத் தடவிப் பார்த்தார். பிறகு என்னிடம், “இரண்டாவது ஆளுக்குப் போட்ட முதல் பந்து கொஞ்சம் உயரம்” என்றார். அப்பா வேலியைப் பிடித்தபடி நின்றார். “வேண்டாம் எண்டு சொல்லேக்கை நீ ரெண்டைப் போட்டிருந்தால் நான் இஞ்சையே விழுந்திருப்பன்” என்றார். பிறகு, “ஆனா கை மடங்குது” என்றார்.

கார்லோஸின் விசா நீண்டது. மகள் இங்கேதான் பிறந்தாள். பிறகு அவனுக்கு நிரந்தர அனுமதி கிடைத்தது. ஹொல்கர் ஓய்வு பெற்றபோது அவருடைய இடத்துக்கு அவனே வந்தான். என் கடைசி ஆட்டத்தில் என் கையில் இருந்து பந்தை வாங்கியது அவன்தான். அவனும் வெள்ளைக் கோட்டை மிதிக்கவில்லை.

போன மாதம் வந்த பெட்டியில் குரலை நாமே பதியலாம். எந்த மொழியிலும் பதியலாம். கார்லோஸ் ஸ்ரெபானையும் கூட்டிக்கொண்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டான். “செனோர், உங்கள் குரல் வேண்டும்” என்றான். அப்பா, “விசர்க் கதை கதையாதை” என்று என்னைப் பார்த்துச் சொன்னார். ஆனாலும் உள்ளே போய் மினுக்கிய சட்டை போட்டுக்கொண்டு வந்தார். ஒண்டு, ரெண்டு, மூண்டு என்று நடுவர் குரலில் சொன்னார். ஸ்ரெபான் கேட்டதற்காக, ஒண்டு வேண்டாம் என்பதையும் சொன்னார். அம்மா வடைத் தட்டோடு வாசலில் நின்று சிரித்தார்.

ஒரு பொத்தான் மிஞ்சியது. “வேறு ஏதாவது, செனோர்?” என்றான் கார்லோஸ். அப்பா தொண்டையைச் செருமினார். என் பக்கம் பார்க்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“மடங்கினாலும் பறவாயில்லை. எறி, தம்பி.”

அடுத்தநாள் மைதானத்தில் பிள்ளைகளுக்குப் பெட்டியைப் பழக்கினோம். இரண்டு சொல் கேட்டதுமே ஆளாளுக்குச் சொல்லிப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். பிள்ளைகள் எல்லோரும் போன பிறகு, தோள் போன மனிதன் நான், அந்தத் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு மேட்டில் ஏறி நின்றேன். கையில் பந்து இல்லை. ஸ்ரெபான் கடைசிப் பொத்தானை அமத்தினான், காதுக்குள் அப்பாவின் குரல்.

“இன்னொருக்கா அமத்து” என்றேன்.